செம்பூரில் இன்னொரு அம்மா

ஜனவரியில் போன பயணத்தை இப்போதுதான் எழுதுகிறேன். ஏன் இவ்வளவு தாமதம் என்பது கடைசியில் தெரியும்.

மறுபிறவி பற்றி விசாரித்துக்கொண்டு ஊர் ஊராக அலைகிறவன் நான் என்பது இந்த வலைப்பூவைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஏன் அலைகிறேன் என்று சொன்னதில்லை. மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் மகள் காய்ச்சலில் போய்விட்டாள். ஆறு வயது. அவள் எங்கேயாவது இருக்கிறாளா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் வீட்டில் சமையல் வேலை பார்க்கும் செல்வி சில நாள் ஒரு பையனைக் கூட்டிவருவாராம். நாலு வயது. "எங்கம்மா செம்பூர்ல இருக்கா, அங்க ஊஞ்சல் இருக்கு" என்கிறானாம். செல்வியைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாராம். நேரில் போய்ப் பேசலாம் என்று செல்வியின் விலாசத்தையும் அனுப்பியிருந்தார். உடனே டிக்கெட் போட்டேன்.

தாதரில் இறங்கி மாட்டுங்காவில் அறை எடுத்தேன். வாடகை ஆயிரத்து எண்ணூறு, கொசு இலவசம். காலையில் பக்கத்துக் கடையில் அருமையான இட்லி, ஆனால் பாதியில் வைத்துவிட்டேன். இது பொய்யென்றால் இன்னொரு வெட்டிப் பயணம். நிஜமென்றால் அதைவிடப் பயம். என் மகளும் எங்கோ யாரையோ அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். அதை வீட்டில் போய் எந்த வாயால் சொல்வது?

அங்கிருந்து தாராவி தொண்ணூறடி ரோட்டுக்கு டாக்ஸியில் ஐம்பது ரூபாய். செல்வி வீடு சந்துக்குள், இரும்பு ஏணி ஏறிப்போகிற மேலறை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், கணவர் தோல் பட்டறையில் வேலை. பையன் மூக்கில் சின்ன வளையம் போட்டிருந்தான். பம்பாய் ஃபேஷன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

கைபேசியில் பதிவை ஓடவிட்டு, "நீ யார் பிள்ளை?" என்று கேட்டேன்.

"செம்பூர் அம்மா மவன்."

"அதுக்கு முன்னாடி?"

செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணாச்சி, இந்தப் புள்ளகிட்ட அப்படியெல்லாம் கேக்காதிய."

"அந்த வீட்டை நீங்க பார்த்திருக்கீங்களா?"

அவர் எழுந்து பையனைத் தூக்கிக்கொண்டார். பிறகு, "வாங்க, அங்கயே போயிருவோம். எனக்குச் சொல்ல வாய் வராது" என்றார்.

செம்பூருக்கு டாக்ஸி நூற்று எழுபது. வழியில் சயனில் நெரிசல். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "க்யா சாப், தபியத் டீக் ஹை?" என்று கேட்டார். எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டார் போல.

கதவைத் திறந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். "எலே, எம் மவன் வந்துட்டானா!" என்று பையனை அள்ளிக்கொண்டார். உள்ளே ஊஞ்சல் இருந்தது. யாரையும் கேட்காமலே உட்கார்ந்துவிட்டேன்.

செல்வியை டீ போட அனுப்பிவிட்டு அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"இவளுக்கு மொத ரெண்டும் தங்கல. இவன் பொறந்த அன்னைக்கே மூணு பிடி தவிடு குடுத்து நான் வாங்கிட்டேன். அப்ப நானும் தாராவியிலதான் இருந்தேன். மூக்கு குத்துனதும் அதுக்குத்தான். அஞ்சு வயசு முடியுத மட்டும் இவன் எம் மவன். யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்னு சொல்லி வச்சிருக்கோம். பெத்தவ வாயால எம் புள்ளன்னு வந்துச்சுன்னா எமன் காதுல விழுந்துரும்லா? நீங்க என்னடான்னா யாரு புள்ள, யாரு புள்ளன்னு தோண்டுதிய."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது. முன்பிறவியைத் தேடி வந்த நான், இந்தப் பிறவியை ஒளித்து வைத்திருக்கிறவரின் கதவைத் தட்டியிருக்கிறேன். டீயோடு வந்த செல்வி, "எழுதிராதிய, அண்ணாச்சி" என்றார். அவர் கண்ணெதிரிலேயே பதிவை அழித்தேன்.

திரும்பும்போது டாக்ஸியில் செல்வி, "உங்களுக்கு யாரு போனா?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். பையன் அவர் மடியில் தூங்கிவிட்டான். நாங்கள் எங்கள் மகளை யாருக்கும் தவிட்டுக்கு விற்கவில்லை. என் பொண்ணு, என் பொண்ணு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். இந்த வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அவர்கள் இறங்கும்வரை அந்த மூக்கு வளையத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்படி விசாரிக்கப் போகிறவர்களுக்கு: தங்க மாட்டுங்கா வசதி. செம்பூருக்குப் பதினோரு மணிக்கு மேல் கிளம்புங்கள், நெரிசல் சற்றுக் குறையும். வேலை கொடுத்தவர் சரி என்றால் அந்த வீட்டார் சரி என்றதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையிடம் வாயைத் திறக்கும் முன் பெற்றவரிடம் தனியாகப் பேசுங்கள். பெயர்களை நான் மாற்றியிருக்கிறேன், நீங்களும் மாற்றுங்கள்.

போன வாரம் செல்வி போன் செய்தார். பின்னால் ஒரே சத்தம், சிரிப்பு.

"அஞ்சு முடிஞ்சிருச்சு, அண்ணாச்சி! வளையத்தக் கழட்டியாச்சு. இனி தாராளமா எழுதுங்க. எம் மவன். எம் மவன்தான்." குரல் உடைந்துவிட்டது. பிறகு, "உங்க பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டார்.

மூன்று வருடமாக எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர். சமையலறையில் என் மனைவி பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது.

"யாழினி" என்றேன். "என் பொண்ணு."