பின்னாடி என்ன ஏத்துவீங்க?

சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பை இழுத்துப் பிடித்தபடி, எண்ணைப் பார்ப்பதற்கு முன் வண்டிக்காரரின் முகத்தைத்தான் பார்ப்பார் லெவல் அண்ணன். "பின்னாடி என்ன ஏத்துவீங்க?" பதில் வந்த பிறகே கண் டேப்புக்குத் திரும்பும். ஒன்றும் ஏற்றுவதில்லை என்பவர்களுக்கு மட்டும்தான் வேலை செய்வார். மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

பிக்கப் வண்டிகள் கம்பெனியிலிருந்து வரும்போதே முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கிக்கொண்டுதான் இருக்கும். பாரம் ஏறினால் பின்பக்கம் இறங்கி வண்டி மட்டமாகிவிடும் என்ற கணக்கு அது. வெறும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் குனிந்த மூக்கு கண்ணை உறுத்தும். அவர்கள் லெவலிங் கிட் போடச் சொல்லி இவரிடம் வருவார்கள். கிட் என்பது பெரிய சமாச்சாரமில்லை. முன்சக்கர ஷாக் அப்சார்பரைக் கழற்றி, அதன் தலையில் ஓர் அங்குல அலுமினிய வட்டை வைத்து மறுபடி முறுக்கினால், நெம்புகோல் கணக்கில் சக்கரத்தில் இரண்டு அங்குலம் உயரும். இதையே பதினெட்டு வருடமாகச் செய்வதால் அவருக்கு 'லெவல் அண்ணன்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் மின்சார பில்லில் மட்டும் இருக்கிறது.

ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்திருக்கின்றன. கீழே உட்கார்ந்தால் எழுவதற்கு டயரைப் பிடித்துக்கொள்வார். கடைசி முறுக்கை மட்டும் ஜாக்கியில் வைத்து முறுக்கமாட்டார். சக்கரம் தரையில் ஊன்றி, வண்டி தன் எடையில் நின்ற பிறகுதான் முறுக்குவார். "தொங்கிட்டிருக்கும்போது முறுக்குனா, நிக்கும்போது இழுக்கும்" என்பார். அவருடைய கருவிப் பெட்டி ஆளுயரத்தில் பாதி. அது கடையை விட்டு நகர்ந்ததில்லை. வழியில் யாருடைய வண்டியாவது நின்றுபோனால் நாலு ஸ்பேனரைத் துணியில் சுற்றிக்கொண்டு போவாரே தவிர, பெட்டியைத் தொடமாட்டார்.

அத்தனை வண்டிகளையும் நிமிர்த்திவிட்டவரின் சொந்த பிக்கப், கடை வாசலில் மூக்கு கவிழ்ந்து நிற்கிறது. முன்னால் ஐம்பத்தொன்று, பின்னால் ஐம்பத்தாறு சென்டிமீட்டர். சனிக்கிழமைதோறும் அளப்பார், மாறிவிடப்போவது போல.

பக்கத்து டயர் கடைக்காரருக்கு இது தினப்படி பொழுதுபோக்கு. "ஊர்ல எல்லார் வண்டியும் நிமிந்து நிக்குது. உங்க வண்டி மட்டும் பொண்ணு பாக்க வந்த எடத்துல மாப்ள மாதிரி குனிஞ்சு நிக்குதேண்ணே!"

"லோடு வந்தா சரியாயிடும்" என்பார்.

லோடு என்றால் மனைவியின் லோடு. கடைக்குப் பின்னால் அந்தம்மா செடிப்பண்ணை வைத்திருந்தார். மண் மூட்டை, தொட்டி, ரோஜாக் கன்று என்று வாரம் மூன்று நாள் வண்டி நிறைந்து போகும். தன் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தபோது, ரெண்டே மாசம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். பக்கவாதத்துக்கு ரெண்டு மாசம் கெடு வைப்பவர்கள், படுத்திருப்பவரை ஒருமுறையும் புரட்டிப் போட்டதில்லை என்று அர்த்தம். இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு மணிக்கொருமுறை புரட்டவேண்டும், குளிப்பாட்ட நாற்காலிக்கு மாற்றவேண்டும். தனி ஆளாகத் தூக்கித் தூக்கி மனைவியின் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. பதினோரு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் அவர் அங்கே தூக்குகிறார். இவர் இங்கே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், வேண்டியதற்கு மேலேயே. வண்டியின் பின்தட்டில் பழைய மண் மூலையில் ஒட்டி, அதில் புல் முளைத்திருக்கிறது. பிடுங்கவும் மாட்டார், தண்ணீர் விடவும் மாட்டார்.

போன மாதம் ஒரு காலை போன் வந்தது. "இந்த வருஷமும் ஆகாதுங்க. அக்கா இன்னும் தானா எந்திரிச்சு உக்காரல. நீங்க எதுக்கு லோடு, லோடுன்னு காத்துக்கிட்டு? வண்டிய நிமித்திக்கோங்க, இல்ல வித்துடுங்க."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்கு உட்கார்ந்தார். அன்று வந்தவர் ஒரு டைல்ஸ்காரர். சக்கரத்தைக் கழற்றினார், வட்டை வைத்தார், முறுக்கினார், இறக்கினார், கடைசி முறுக்கையும் கொடுத்தார். எல்லாம் வழக்கம்போல.

மூன்றாம் நாள் டைல்ஸ்காரர் திரும்பி வந்தார். "அண்ணே, வண்டி வானத்தப் பாத்துக்கிட்டுப் போகுது! லைட்டு எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்குதாம். திட்டு வாங்கியே வயிறு நெறஞ்சு போச்சு."

எட்டிப் பார்த்தார். பின்தட்டு முழுக்க டைல்ஸ் பெட்டி.

"இவ்வளவு ஏத்துவேன்னு நீங்க சொல்லலியே?"

"நீங்க கேக்கவே இல்லியே!"

ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார். கழற்றிய இரண்டு வட்டுகளையும் துடைத்து மேசைமேல் வைத்தார்.

"அதே மாடல்தானே உங்களுதும்" என்றார் டயர் கடைக்காரர். "சும்மா கெடக்கறத மாட்டிவிடுங்கண்ணே. அண்ணியே சொல்லிட்டாங்கல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை தன் வண்டியை ஜாக்கியில் ஏற்றினார். ஒரு சக்கரம் கழன்றது. ஷாக்கின் தலையில் மூன்று நட்டும் தளர்ந்தன. வட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். முழங்கால் மரத்துப்போகும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டு, மூன்று நட்டையும் பழையபடி முறுக்கினார். சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கி, கடைசி முறுக்கைக் கொடுத்தார். போனை எடுத்தார்.

"அக்கா வீட்டுக்குப் பின்னாடி எடம் எவ்வளவு இருக்கும்?"

"எதுக்குங்க?"

"வெயில் விழுமா?"

"காலைல விழும். எதுக்குன்னு கேக்கறேன்ல!"

"ரோஜாவுக்கு."

"எத்தனை உசுரோட இருக்கு?"

"பதினேழு."

"நாப்பது வெச்சுட்டு வந்தேன்! தண்ணி ஊத்தியே கொன்னுட்டீங்களா?"

"மிச்சத்த நேர்ல திட்டு."

மண் மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றினார். தொட்டிகளை இடையில் செருகி, பதினேழு செடிகளையும் சாயாமல் கட்டினார். முளைத்த புல் மூட்டைக்கு அடியில் போனது. டயர் கடைக்காரர் டீ டம்ளரோடு வந்து நின்றார்.

"எத்தனை நாளைக்குண்ணே?"

அவர் பின்சக்கரத்தருகே உட்கார்ந்து டேப்பை இழுத்தார். ஐம்பத்திரண்டு. டயரைப் பிடித்து எழுந்து, உள்ளே போய்க் கருவிப் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பற்றினார்.

"டம்ளர வெச்சுட்டு அந்தப் பக்கம் புடி."

இருவரும் தூக்கி ஏற்றினார்கள். வண்டி லேசாக முனகி இறங்கியது. அவர் மறுபடி உட்கார்ந்து பின்னால் அளந்தார், நகர்ந்து முன்னால் அளந்தார், இரண்டும் ஐம்பத்தொன்று என்றதும் டேப்பைச் சட்டென்று சுருளவிட்டார்.