அத்தை சுற்றிக் காட்டிய வீடு

எங்கள் வீடு இருந்ததற்கு ஆதாரமே இல்லை என்று கீழ்க்கோர்ட் சொன்ன நாளில் நான் ஜெபிக்கவில்லை. வாளியில் ஊறிய துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தேன். அழுவதற்குக்கூடத் தெம்பு இல்லை.

மத்திய அரசு வேலையில் இருந்தபோது என் மாமனார் டெல்லியின் ஓரத்தில் மனை வாங்கி வீடு கட்டினார். சாலையை அகலப்படுத்த அரசு அதை எடுத்துக்கொண்டது. அங்கீகாரம் இல்லாத காலனி என்பதால் வரைபடமும் வரி ரசீதும் எங்களிடம் இல்லை. அளக்க வந்தவர்கள் காலி மனை என்று எழுதிவிட்டார்கள். வீடும் இடிபட்டது. மண்ணுக்கு மட்டும் இழப்பீடு. சில மாதங்களில் என் மாமியாரான அத்தையும் இறந்துபோனார்கள். மாமா, என் கணவர், நான், எங்கள் மகள் நால்வரும் முனிர்கா என்ற பகுதியில் ஒரே அறைக்கு வந்து சேர்ந்தோம்.

வீட்டுக்கும் இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கு கீழ்க்கோர்ட்டில் தோற்றதும் ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டோம். எங்கள் வக்கீல் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஒரு நாள் சலிப்போடு கேட்டாள்: “ஒரு போட்டோ கூடவா இல்லக்கா? நம்ம ஆளுங்க எல்லாத்துக்கும் வீடியோ எடுப்பாங்களே!”

எனக்குச் சுரீரென்றது. எங்கள் கல்யாண வீடியோ. எங்கள் ஊர்ப் பக்கத்தில் புது மருமகளை மாமியார் அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அத்தையும் காட்டினார்கள். கேமராக்காரர் பின்னாலேயே வந்தார். அதை நாங்கள் கல்யாணமாகத்தான் நினைத்திருந்தோம். வீடாக யாரும் நினைக்கவில்லை.

அந்த சிடி பீரோவில் அத்தையின் புடவைகளுக்கு அடியில் இருந்தது. அவர்கள் போன பிறகு மாமா அந்தப் பீரோவைத் திறக்கவே இல்லை. சாவியைக் கேட்கத் தைரியம் தாரும் என்று, மகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜெபித்தேன். அவள், “மம்மி, யார்கூடப் பேசுற?” என்று தலையைத் தலையைத் திருப்பினாள்.

மாமாவிடம் கேட்டேன்.

“உயிரோட இருந்தப்ப அவள ஒரு நாளும் கோர்ட்டுக்கு அலைய விடல. இப்பக் கூட்டிட்டுப் போகணுமா, மக்ளே?”

கேட்டிருக்கவே கூடாதோ என்று தோன்றியது. அவர் சாவியைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நானும் கணவரும் பார்த்தோம். அத்தை வாசலில் என் நெற்றியில் சிலுவை போடுகிறார்கள். “கேமரா தம்பி, இங்கயும் வாங்க” என்று அடுக்களைக்கு இழுக்கிறார்கள். மாடி அறையில், “இது உங்களுக்கு. வெயில் காலத்துல அடுப்பு மாதிரி கொதிக்கும், இப்பவே சொல்லிட்டேன். பிறகு என்னைக் குத்தம் சொல்லப்பிடாது” என்கிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். கணவர் எழுந்து முகம் கழுவப் போனார்.

அதோடு முடியவில்லை. அப்பீலில் புது ஆதாரம் கொடுத்தால், முன்பே ஏன் தரவில்லை என்று சொல்ல வேண்டும். வக்கீலின் சீனியர் சுலபமாக ஒரு வழி சொன்னார்: தொலைந்துபோய் இப்போதுதான் கிடைத்தது என்று எழுதிவிடலாம். வீட்டிலேயே இருந்தது என்றால் தள்ளுபடி ஆகிவிடும்.

“எழுதிடேன்” என்றார் கணவர். “இன்னும் எத்தனை நாள் இப்படி? எனக்கு முடியல.”

எனக்கும் முடியவில்லை. ஆனால் பீரோ அறையிலேயே நிற்கிறது. ஆண்டவரே, நான் பொய் சொல்லாமல் உம்மால் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டேன். அது விசுவாசமா, பிடிவாதமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. ‘வீட்டில்தான் இருந்தது. அது ஆதாரமாகும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. இறந்தவரின் பீரோவைத் திறக்கவும் மனம் வரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து ஒரே கேள்வி. என் பிள்ளையைத் தெருவில் நிறுத்துகிறேனோ?

விசாரணையில் அரசு வக்கீல் இதையே பிடித்துக்கொண்டார். கையில் இருந்ததை இத்தனை காலம் கொடுக்காதது அலட்சியம் என்றார். நீதிபதி நான் எழுதியதை இரண்டாம் முறை படித்தார். அலட்சியம்தான் என்றே வைத்துக்கொண்டாலும், இதைப் பார்க்காமல் அங்கே வீடு இருந்ததா என்று நீதிமன்றம் எப்படி முடிவு செய்யும் என்று கேட்டார். ஆதாரத்தை அனுமதித்து, சாட்சி விசாரித்து அனுப்பும்படி கீழ்க்கோர்ட்டுக்கு உத்தரவிட்டார்.

“அக்கா, அலோ பண்ணிட்டாங்க” என்று வக்கீல் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

வீட்டுக்கான இழப்பீடு இன்னும் வரவில்லை. அலைச்சலும் தீரவில்லை. முன்பெல்லாம் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துத் தாரும் என்று ஜெபிப்பேன். இப்போது அடுத்த அடிக்கு மட்டும் கேட்கிறேன். அந்த அளவு கிடைக்கிறது. களைத்துப் போயிருக்கும் சகோதரிகளே, நீங்களும் அவ்வளவே கேளுங்கள். ஆண்டவருக்கு ஒத்தாசையாக ஒரு பொய்யைச் சேர்க்க வேண்டாம். உண்மையோடு போனாலும் அவர் கைவிடுவதில்லை. நான் பயந்து பயந்தே போனேன், என்னையும் கைவிடவில்லை.

மாமாவுக்காக ஜெபியுங்கள். வீடு இருந்ததென்று அவர்தான் சாட்சி சொல்ல வேண்டும். “அவ வாறான்னா நானும் வாறேன், மக்ளே” என்று சொல்லிவிட்டார். அந்த வீடியோவை அவர் இன்னும் பார்க்கவில்லை. கோர்ட்டில்தான் பார்ப்பார்.