பால் கவரின் உட்பக்கம்

வெள்ளானூர் வீட்டில் என் மனைவி பால் கவர்களைக் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பாள். என் யூனிஃபார்ம் பக்கத்தில் அதைத் தொங்கவிட்டால் மானம் போகிறது என்று கத்துவேன். மறுசுழற்சிக்குப் போகிற பொருள் நாறக்கூடாது என்பாள்.

அவள் இறந்த பிறகு நானே கழுவிச் சேர்க்கிறேன். போன வாரம் பழைய சாமான் வாங்குகிறவர் பையைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா சார், உள்ள பால் அப்படியே கீது! அம்மா உள்பக்கத்த வெளிய திருப்பிக் கழுவித்தான் குடுப்பாங்க. நீங்க பாத்ததே இல்லியா?"

பார்த்ததில்லை. முப்பது வருஷமும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று காபி ஆயிற்றா என்றுதான் கேட்டிருக்கிறேன். இப்போது கவரைத் திருப்பும்போதெல்லாம் அந்தக் கைகளை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.