மோட்டார் ரூம் சாவி

எனக்குத் தையல் வரும். நன்றாகவே வரும். பிளவுஸ் கழுத்தை ஒரே வெட்டில் வெட்டி, பிசிறு இல்லாமல் மடித்து அடிப்பேன். வந்த வினையே அதுதான். வகுப்பில் முதலாவதாக வருகிறவளுக்கு ஒரு தையல் மிஷின் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். முதலாவதாக வந்தது நான். எனக்கோ அந்த மிஷின் வேண்டாம்.

எனக்கு வேண்டியது மோட்டார் வைண்டிங், அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுகிற வேலை, கற்றுக்கொள்ள ஓர் இடம். இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். இப்போது சொன்னாலும் சிலர் சிரிக்கத்தான் செய்கிறார்கள். சிரிக்கட்டும், பல்லுக்கு நல்லது.

தொண்ணூறுகளின் நடுவில் செங்கல்பட்டு ஏரிக்கரைப் பக்கம் இருந்த எங்கள் குடிசைகளை ரோடு அகலப்படுத்த எடுத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் போகிற சாலையில், ஊருக்கு வெளியே, மாடிக் கட்டடங்களில் வீடு கொடுத்தார்கள். ஊரில் அதற்குப் பெயர் போர்டு வூடு. ‘போர்டு வூட்டுக்காரி’ என்று சொல்லும்போது சொல்கிறவர்களுக்கு உதடு லேசாகக் கோணும். “அதான் காங்கிரீட்டு வூடு கெடைச்சிடுச்சே, இன்னும் இன்னா வேணுமாம்?” என்று டவுன் பஸ்ஸில் என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். தண்ணீர் வேணும். வேறென்ன?

கீழே ஒரு தொட்டி, மொட்டை மாடியில் ஒரு தொட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு மோட்டார். அந்த மோட்டார் இருந்த சின்ன அறையின் சாவி, குடியிருப்போர் சங்கத் தலைவராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்ட பொட்டிக்கடைக்காரரின் அரைஞாண் கயிற்றில் தொங்கும். கரண்டு மங்கலாக இருக்கும்போது மோட்டாரைப் போட்டால் உள்ளே செம்புக் கம்பி சுற்றிய காயில் எரிந்துவிடும் என்பது எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் யாராவது பெண்பிள்ளை போய், “அண்ணாத்த, பல்பு டிம்மா எரியுது, இப்ப போடாதீங்க” என்று சொல்லிவிட்டால் போதும், அதற்காகவே போடுவார். கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வரும். நாங்கள் குடத்தைத் தேடுவோம்.

அப்புறம் டவுனிலிருந்து மெக்கானிக் வரவேண்டும், மோட்டாரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும், காயில் சுற்றிக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். அதுவரை அறைச் சாவி மெக்கானிக்கிடம்தான் இருக்கும். எழுதி வைக்காத சட்டம் அது. ஒருமுறை மெக்கானிக் ஒயரில் கை வைத்திருக்கும்போது கடைக்காரர் வேகமாக வந்து சுவிட்சைப் போட்டுவிட்டார். அந்த ஆள் பிழைத்தது தெய்வச் செயல். அன்று முதல், வேலை முடிகிறவரை சாவி மெக்கானிக்குக்கு என்று ஆகிவிட்டது.

அத்தனை நாளும் நாங்கள் கீழ்த் தொட்டியில் மொண்ட குடத்தோடு படி ஏறுவோம். என் வீடு கடைசி மாடி. எதிர்வீட்டு அக்காவும் கடைசி மாடிதான். அவள் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்புகள் துவைக்கிற வேலைக்கு விடிகாலை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். போவதற்குள் வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றியாக வேண்டும். அப்படி ஏற்றும்போது ஒருநாள், யாரோ சிந்திய ஈரத்தில் கால் வழுக்கி, இடுப்புக் குடத்தோடு படியில் உருண்டாள். கணுக்கால் முறிந்தது. கட்டுப் பிரித்து, நொண்டி நொண்டி ஓட்டலுக்குப் போனால் அவள் இடத்தில் வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள். “போர்டு வூட்டுப் பொம்பளைங்களே இப்படித்தான், ஒழுங்கா வரமாட்டாங்க” என்றாராம் அங்கிருந்த மேஸ்திரி.

அதை அவள் என்னிடம் அழாமல் சொன்னாள். நான்தான் அழுதேன். ஆத்திரத்தில் வருகிற அழுகை அது, அடக்கவே முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் காலியாக இருந்த வீட்டில் ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. வாசலில் பலகை வைத்தார்கள். அதில் ‘வாய்ப்பு’ என்ற எழுத்துதான் பெரிதாகத் தெரியும். நடத்தியது ரிட்டையர் ஆன ஒரு பள்ளிக்கூட டீச்சர். திருக்கழுக்குன்றத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருவார். பென்ஷனை வாங்கிக்கொண்டு கோயில் குளம் என்று வீட்டில் இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் மனசை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. ஆனால் அவர் அகராதியில் பெண்களுக்கு வாய்ப்பு என்றால் தையல் மிஷின். எங்கள் எல்லாருக்கும் தையல். கட்டடத்துக்குக் கட்டடம் தையல். எல்லோரும் தைத்துக்கொண்டே இருந்தால் வாங்கிப் போடுவது யார்?

வேறு வகுப்பு இல்லாததால் நானும் சேர்ந்தேன். சேர்ந்த கையோடு கேட்கவும் செய்தேன்.

“டீச்சரம்மா, நான் மோட்டார் வைண்டிங் கத்துக்கணும். டவுன்ல ஏதாவது கடையில சொல்லி வுடுங்க.”

“அது ஆம்பளைங்க வேலைம்மா. கரண்ட் சமாச்சாரம். நமக்கு உதவி பண்றவங்க தையலுக்குன்னுதான் குடுத்திருக்காங்க. வாய்ப்பு குடுத்தா கத்துக்கணும், இப்படி வாய் பேசக் கூடாது.”

“வாய் இருக்கறவளுக்குத்தான் டீச்சரம்மா வாய்ப்பு.”

வகுப்பே சிரித்தது. டீச்சரம்மாவுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் பதில் மாறவில்லை.

பரிசளிப்பு விழா வந்தது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஷாமியானா, நாற்காலி, மைக் செட். சென்னையிலிருந்து ஒரு கம்பெனி அதிகாரி சிறப்பு விருந்தினர். விழாவுக்கு முந்தின வாரம்தான் மோட்டார் மறுபடி எரிந்திருந்தது. விருந்தினருக்குக் கை கழுவவும் ரோஸ் மில்க் கலக்கவும் லாரித் தண்ணீர் வரவழைத்தார் கடைக்காரர். நாங்கள் அந்த லாரியைச் சுற்றி நின்று பார்த்தோம். “யாரும் குடம் எடுத்தாந்துடாதீங்க, இது ஃபங்ஷனுக்கு” என்றார் மனுஷன், கொஞ்சமும் கூசாமல்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினேன். மிஷினுக்கு மாலை போட்டிருந்தார்கள். போட்டோகிராபர், “மிஷின் மேல கை வெச்சு, சாரைப் பார்த்து சிரிங்கக்கா” என்றார். கை வைத்தால் முடிந்தது. அந்தப் போட்டோவைப் பார்க்கிறவர்களுக்கு எங்கள் குறை தீர்ந்துவிட்டதாகத்தான் தோன்றும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பிறகு மைக்கை எடுத்தேன். யாரும் கொடுக்கவில்லை, நானாகத்தான் எடுத்தேன். “இந்த மிஷின் ரொம்ப நல்ல மிஷின். இரண்டாவதா வந்த பொண்ணுக்குக் குடுங்க, அவ ஆசையா இருக்கா. எங்களுக்கு மோட்டார் எரிஞ்சி கிடக்குது. அதைச் சரி பண்ண எனக்குக் கத்துக் குடுங்க. தண்ணி தூக்கற பொம்பளைக்கு வேலைக்குப் போக நேரம் ஏது?” இவ்வளவுதான் பேசினேன். கடைசி வரிசைவரை கேட்டது, மைக் செட் நல்ல மைக் செட்.

“பொம்பளைக்கு வாயப் பாரு! எறங்கும்மா கீழ!” என்று கடைக்காரர் கத்தினார். கடைசி வரிசையில் எதிர்வீட்டு அக்கா முறிந்து கூடிய காலோடு எழுந்து நின்று கை தட்டினாள். அவள் ஒருத்தி மட்டும்தான் தட்டினாள். அது எனக்குப் போதும்.

மறுநாள் டீச்சரம்மா என்னைத் திட்டுவதற்காகக் கடைசி மாடிவரை ஏறி வந்தார். முழங்கால் வலிக்காரர். அத்தனை படியையும் கோபத்திலேயே ஏறியிருக்க வேண்டும். “என் மானத்தை வாங்கிட்டியேம்மா” என்று ஆரம்பித்தார், மூச்சு வாங்கியது, உட்கார்ந்தார். மீண்டும் ஆரம்பித்தார். என் பேச்சு, என் திமிர், அந்த அதிகாரி காரில் ஏறும்போது ஒரு வார்த்தை பேசாதது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். பாதியில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, “பாத்ரூம் போகணும்மா” என்றார்.

அரை பக்கெட் தண்ணீர் இருந்தது. எடுத்து உள்ளே வைத்தேன்.

வெளியே வந்தவர் காலி பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். “இது எதுக்கு வெச்சிருந்தே?”

“சாயங்காலம் வரைக்கும் எல்லாத்துக்கும்.”

“எல்லாத்துக்கும்னா?”

“சோறாக்க, பாத்திரம் கழுவ, புள்ளைங்க குடிக்க. பாத்ரூமுக்கும்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. திட்ட வந்த மீதி எங்கே போனதோ தெரியவில்லை. சமையலறைக்குள் போய், அங்கிருந்த பிளாஸ்டிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். நான் பதறிப்போய்ப் பிடுங்கினேன். விடவில்லை. ரிட்டையர் ஆன டீச்சர், இஸ்திரி போட்ட காட்டன் புடவையில், ஒரு பிளாஸ்டிக் குடத்துக்காக என்னோடு இழுபறி! “விடுங்க டீச்சரம்மா, எனக்குப் பாவம் வந்து சேரும்” என்றேன். கடைசியில் குடம் என் கைக்கு வந்தது. அவர் மட்டும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்று சாயங்காலமே செங்கல்பட்டு பஜார் பக்கம் வைண்டிங் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். உதவி பண்ணுகிறவர்களுக்கு என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

மூன்று கடைக்காரர்கள் முடியாது என்றார்கள். நான்காவது கடைக்காரர், “பின்னாடி உக்காரட்டும், வர்ற ஆளுங்க கண்ணுல படக் கூடாது” என்றார். பின்னாலேயே உட்கார்ந்தேன். எரிந்த காயிலை வெட்டி எடுத்தேன், விரலையும் சேர்த்துத்தான். செம்புக் கம்பியைச் சுற்றும்போது எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து சுற்ற வேண்டும். வார்னிஷ் வாடை முடியில் ஏறிக்கொண்டு போகவே போகாது. ஷேர் ஆட்டோ ஓட்டிய என் வீட்டுக்காரர், “நானே உன்ன உட்டு ஓடிடுவேன் போலகீது, இந்த நாத்தத்துல” என்பார். ஆனால் சொல்லிக்கொண்டே சவாரி முடிந்து என்னை ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். தையல் கற்ற கை வீண்போகவில்லை. காயிலை இடுக்கில் இறக்கி நூலால் கட்டுகிறபோது, கடையில் இருந்த ஆண்கள் முடிச்சைவிட என் முடிச்சு இறுக்கம். அந்த மட்டில் டீச்சரம்மாவுக்கு வெற்றிதான், அவரிடமும் சொன்னேன்.

நான் தேறிவிட்டேன் என்று வைண்டிங் கடை முதலாளி சொன்ன பிறகும் எங்கள் கட்டடத்து மோட்டாரை நான் தொட முடியவில்லை. சாவி இருந்தால்தானே? கேட்டுப் பார்த்தேன். “ஈரப் பொடவையோட வந்து நின்னுகினு கரண்டுல கைய வெப்பே, நாளைக்கு எனக்கில்ல பேஜாரு” என்றார் பொட்டிக்கடைத் தலைவர். டீச்சரம்மா போய்க் கேட்டார். அவருக்கும் அதே பதில், கொஞ்சம் மரியாதையாக.

சரி என்று விட்டேன். எரியட்டும் என்று காத்திருந்தேன். அவர் கைராசிக்கு அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

எரிந்தது. வழக்கம்போல டவுன் கடைக்கு ஆள் அனுப்பினார். அது எந்தக் கடை என்று அவருக்குத் தெரியும். அங்கே பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்பதுதான் தெரியாது. என் முதலாளி பையை எடுத்து என் கையில் கொடுத்து, “உன் வூட்டு மோட்டாரு, நீயே போ” என்றார்.

வீட்டுக்காரரின் ஆட்டோவில் வந்து பொட்டிக்கடை வாசலில் இறங்கினேன். காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டிருந்தேன், கையில் ஸ்பேனர் பை.

“இன்னா?” என்றார்.

“கடையிலேர்ந்து மெக்கானிக் வந்துகீறேன். சாவி குடுங்க அண்ணாத்த.”

அவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், ஆட்டோவைப் பார்த்தார். வேறு யாராவது இறங்குவார்கள் என்று எதிர்பார்த்தார் போல. அதற்குள் குடங்களோடு பெண்கள் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா முன்னால் வந்து, “மெக்கானிக்க நிக்க வெக்கக் கூடாது தலைவரே” என்றாள். அவர் அரைஞாணைத் தடவித் தடவி, முடிச்சு அவிழாமல், கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தார்.

மோட்டாரைக் கழற்றினேன், கடைக்குக் கொண்டுபோய் நானே சுற்றினேன், கொண்டுவந்து மாட்டினேன். கரண்டு நன்றாக வந்த நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டேன். கீழே நின்றபடியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மேலே, கடைசி மாடியில், எதிர்வீட்டு அக்கா வீட்டு பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நாளில் அவள் மாமல்லபுரத்தில் வேறொரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தாள், அதே விடிகாலை பஸ்ஸில்.

அன்றைக்கே தலைவர் வந்துவிட்டார். கையை நீட்டினார்.

“அதான் ஓடுதே. வேலை முடிஞ்சிடுச்சில்ல? சாவியக் குடும்மா.”

“இன்னும் முடியல அண்ணாத்த” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் பல தடவை கேட்டார். புது நூற்றாண்டு பிறந்தது, எல்லார் கையிலும் செல்போன் வந்தது, டீச்சரம்மாவின் பலகையில் தையலுக்குக் கீழே வைண்டிங் என்றும் எழுதினார்கள், தலைவர் அப்போதும் கேட்டார். நான் சொல்கிற பதிலும் மாறவில்லை. வேலை முடிகிறவரை சாவி மெக்கானிக்கிடம்தான் இருக்க வேண்டும். வேலை இன்னும் முடியவில்லை.