முற்றல் கோழியும் ஷிகெனோவின் பல்லும்

ஜப்பானில் மருகமே ஊரின் கோழிக்கடையில் போய் உட்கார்ந்தால் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். ஓயாவா, ஹினாவா? ஓயா என்றால் முட்டையிட்டு ஓய்ந்த முற்றல் கோழி. ஹினா இளங்கோழி. இரண்டுமே எலும்போடு முழுத் தொடை. பூண்டும் மிளகும் உப்பும் தடவி, தோல் முறுகச் சுட்டு, தன் கொழுப்பிலேயே மிதக்கும்படி தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். ஹினாவைக் கடித்தால் சாறு வழியும். ஓயா அவ்வளவு சீக்கிரம் வழிக்கு வராது. மெல்ல வேண்டும், மறுபடியும் மெல்ல வேண்டும். அதன் பிறகுதான் அது தன் ருசியைக் காட்டும். மியாதகே ஷிகெனோ வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்லிவந்தாள்.

அவள் ஹோன்ஜிமா தீவில் கல்லுடைப்பவரின் மகள். படகேறி இக்கரைக்கு வந்து, கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு பெண் தூக்கும் இரும்புத் தகட்டுக்குக் கீழே நிற்க மாட்டேன் என்று தோமிஜி என்ற வெல்டர் முதலில் முரண்டு பிடித்தான். கொஞ்ச நாள் போனதும், அவள் விடுப்பு எடுத்தால் தனக்கு வேலையே ஓடவில்லை என்று அவனே புலம்ப ஆரம்பித்தான். அவள் இறக்கி வைக்கும் தகடு சொன்ன இடத்தில் பூப்போல உட்காரும்.

முதல் சம்பள நாளன்று மேஸ்திரி சோகோ தன் ஆட்களையெல்லாம் கோழிக்கடைக்கு அழைத்துப் போனார். ஆண்களுக்கெல்லாம் ஓயா சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஒரு ஹினா போடுங்க. தாடை நொந்துடும்."

"எல்லாருக்கும் வர்றதே எனக்கும் வரட்டும் அண்ணே," என்றாள் ஷிகெனோ.

தட்டு வந்தது. எலும்பின் நுனியில் காகிதத்தைச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்து, முன்பல்லால் கவ்வி இழுத்தாள். சதை ரப்பர்போல நீண்டு, பிறகு அறுந்தது. பச்சை முட்டைக்கோஸ் இலையைக் கிழித்துத் தட்டிலிருந்த எண்ணெயில் தோய்த்துத் தின்றாள். கடைசியில் சோற்று உருண்டையை அதே எண்ணெயில் புரட்டி, ஒட்டியிருந்த மிளகையெல்லாம் வழித்தெடுத்தாள். கடைக்கார அம்மாள் தாத்ஸுயே அவள் வைத்த எலும்பைத் தூக்கிப் பக்கத்து மேஜைக்குக் காட்டினாள். "பாருங்கய்யா, நாய்க்குக்கூட ஒண்ணும் மிச்சம் வெக்கல."

மறுநாள் ஷிகெனோவால் கொட்டாவி விட முடியவில்லை, தாடை அப்படி வலித்தது. யாரிடமும் மூச்சு விடாமல் கிரேன் ஏறினாள். அன்றிலிருந்து அந்தக் கடையில் அவளுக்கு ஓயா என்றே பேராயிற்று.

அவளைப் பெண் பார்க்க வந்த கோசாகு படகு இன்ஜின் மெக்கானிக். பேச்சு நடந்ததும் அந்தக் கடையில்தான். அவன் கொஞ்சமும் தயங்காமல் ஹினா சொன்னான். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்ததும் சிரித்தான். "எனக்கு மெத்துன்னு இருந்தாத்தான் பிடிக்கும். அதுல என்ன வெக்கம்?" வீறாப்புக்காக ஓயா சொல்லிவிட்டுத் திண்டாடும் ஆண்களை அவள் நிறையப் பார்த்திருந்தாள். பொய் சொல்லாத ஆள் என்று அவனையே கட்டிக்கொண்டாள். கடைக்குப் புதிதாக வரும் பரிமாறுகிறவர்கள் ஓயாவை அவன் முன்னாலும் ஹினாவை அவள் முன்னாலும் வைப்பார்கள். இருவரும் பேசாமல் தட்டை மாற்றிக்கொள்வார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து அவளுக்கு ஈறு வீங்கியது. பற்கள் ஒவ்வொன்றாக ஆடின. மேல்வரிசை முழுவதையும் கீழே பாதியையும் பிடுங்கிவிட்டுச் செயற்கைப் பல் கட்டினார்கள். ஷிகெனோ அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய கூட்டாளிகள் வருஷத்துக்கொரு முறை கடையில் கூடும் நாளில், எப்போதும்போல ஓயா சொன்னாள். எப்போதும்போலக் கவ்வி இழுத்தாள். கோழி கையோடு வந்தது. அதோடு மேல்வரிசைப் பல்லும் வந்துவிட்டது, கோழியைக் கவ்வியபடியே.

மேஜையில் ஒருவரும் சிரிக்கவில்லை. தோமிஜி தன் தட்டைப் பார்த்தான், மற்றவர்கள் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். சிரித்திருந்தால் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள். அந்த மௌனம்தான் அவளைச் சுட்டது. பல்லைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கடைப் பக்கமே போகவில்லை. கொழுப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னதாக ஊருக்குச் சொன்னாள். மெல்லாமலே தொண்டையில் வழுக்கி இறங்கும் உடோன் நூடுல்ஸ்தான் தினமும். கோசாகுவும் போகவில்லை. நீங்களாவது போய்ச் சாப்பிட்டு வாங்களேன் என்று விரட்டினாலும் அசையவில்லை. ஒரு நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

"பேசாம ஹினா சாப்பிடேன். என் பக்கம் வந்துடு."

"உங்க பக்கம் நல்ல பக்கந்தான். ஆனா அது என் பக்கம் இல்லையே," என்றாள் அவள்.

மறுநாளே பல் டாக்டரிடம் போனாள். கதாயாமா என்று பேர், கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒகாயாமாவிலிருந்து வந்தவர். இந்தப் பல் பேசுவதற்கு நன்றாக இருக்கிறது, எனக்குக் கடிப்பதற்கு வேண்டும் என்றாள். எதைக் கடிக்க என்று கேட்டார். ஓயா என்றதும், அவர் இதுவரை ஹினாதான் தின்றிருப்பதாக ஒப்புக்கொண்டார். அப்படியானால் முதலில் வந்து தின்று பாருங்கள் என்று கூப்பிட்டாள். மனுஷர் யோசித்தார். ஆஸ்பத்திரி மூடியிருக்கும் வியாழக்கிழமை மத்தியானம் கோழிக்கடைக்கு வந்தும் விட்டார்.

பல மாதம் கழித்துக் கடைக்கு வந்த ஷிகெனோ மூலை மேஜையில் சும்மா உட்கார்ந்திருக்க, கோசாகு ஹினா தின்ன, டாக்டர் ஓயாவோடு மல்லுக்கட்டினார். நெற்றி வியர்த்தது. நடுவில் நிறுத்தி, தன் தாடையைத் தானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். குளிர்ந்த பீரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"முன்பல்லால இழுக்கறத விட்டுடுங்கம்மா. எந்தச் செட்டும் அதைத் தாங்காது. கத்தரியால சின்னதா வெட்டி, ரெண்டு பக்கமும் சமமா வெச்சு மெல்லுங்க. அதுக்குத் தக்கபடி பின்பல்லை நான் மாத்தித் தர்றேன்."

"வெட்டித் திங்கறது குழந்தைங்க வேலை டாக்டர்."

"கிரேன்ல பாரத்தை ஒரே பக்கமாக் கட்டித் தூக்குவீங்களா?"

அவர் கேட்டது நியாயம் என்று ஷிகெனோவுக்குத் தெரிந்தது. அதுதான் எரிச்சலாகவும் இருந்தது.

புதுப் பல் வந்ததும் வீட்டில் பழக ஆரம்பித்தாள். முதலில் முட்டைக்கோஸ், பிறகு முள்ளங்கி ஊறுகாய், அதன் பிறகு வேகவைத்த ஆக்டோபஸ். ஈறு புண்ணாகி ஆறியது. கோசாகு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

அடுத்த வருஷத்துச் சந்திப்புக்கு அவள் கத்தரிக்கோலோடு போனாள். மூலையில் உட்காரவில்லை, நடு மேஜையில் உட்கார்ந்தாள். ஓயா வந்தது. உள்ளேயே வெட்டித் தரட்டுமா என்று தாத்ஸுயே கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, எல்லார் கண்ணும் பார்க்கக் கத்தரியை எடுத்து, சதையின் நார் ஓடும் திசைக்குக் குறுக்காகத் துண்டு துண்டாக வெட்டினாள். ஒரு துண்டை இந்தப் பக்கம், ஒரு துண்டை அந்தப் பக்கம் வைத்து மென்றாள். முதலில் பூண்டு, பிறகு மிளகின் காரம். மெல்ல மெல்ல, அடியிலிருந்து அந்த முற்றல் கோழியின் ருசி ஏறி வந்தது. இத்தனை மாதம் கனவில்கூட வராத ருசி. பல் அசையவில்லை.

தோமிஜி தன் ஹினாவைத் தள்ளி வைத்தான்.

"எனக்கும் கட்டுப்பல்லுதான் ஓயா. மூணு வருஷமாச்சு. வயசானா மெத்துன்னு இருக்கறதுதான் பிடிக்குதுன்னு சொல்லி மழுப்பிட்டிருந்தேன்."

அவனைத் தொடர்ந்து இன்னொருவர் தனக்கும் அப்படித்தான் என்றார். பிறகு இன்னொருவர். அன்றைக்கு எல்லாரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது ஏன் என்று ஷிகெனோவுக்கு அப்போதுதான் புரிந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல் விழுமோ என்ற பயம் இல்லாமல், வாயைத் திறந்து நன்றாகச் சிரித்தாள்.

"அந்தக் கத்தரியை இப்படித் தள்ளேன்," என்றான் தோமிஜி.

"முதல்ல வீட்டுக்குப் போயி முட்டைக்கோஸ்ல பழகிட்டு வா," என்றாள் அவள். ஆனாலும் தன் தட்டிலிருந்து ஒரு துண்டை, மிகச் சின்னதாக வெட்டி, அவன் தட்டில் வைத்தாள். பிறகு சோற்று உருண்டையை எண்ணெயில் புரட்ட ஆரம்பித்தாள்.