திதிக்கு முந்திய ராட்டினம்

“ப்பா, உங்க ஒசரம் என்னா?” என்று மகள் கேட்டபோது நான் கணுக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். செங் என்ற ஊரில் இருக்கும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, வீடு இருக்கும் புலாவ் செபாங் வரை மோட்டார்சைக்கிள் ஓட்டி வந்தால், மாலை ஐந்து மணிக்கு என் கால் எனக்குச் சொந்தமில்லை. ஐம்பத்து மூன்று வயதில் என் உயரத்தை யாரும் கேட்டதாக நினைவில்லை.

“தெரியாதும்மா.”

“எழுந்து செவுத்துல சாஞ்சு நில்லுங்க.”

அளவு நாடாவின் ஒரு முனையை நான் கால் விரலால் மிதித்துக்கொண்டேன். மறுமுனையை அவள் என் தலைக்கு மேல் பிடித்தாள். நூற்று அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.

“எல்லா ராட்டினத்துலயும் ஏறலாம். பிரஷர் இருக்கறவங்க மட்டும் பெருசுல ஏறக் கூடாதாம்.”

“எனக்கு இருக்கே.”

“தெரியும் லா. அதையும் எழுதிட்டேன்.”

நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்தாள். தீம் பார்க் போவதற்கு அவ்வளவு எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். அப்போது எழுதியதைவிட அந்தப் பக்கத்தில் அதிகம் இருந்தது.

போன ஐப்பசி முதல் வாரத்தில் என் மனைவி இறந்துபோனாள். சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருடம் படுக்கையில் இருந்தாள். அவள் இருந்தவரை நானும் மகளும் நேராகப் பேசிக்கொண்டது குறைவு. சண்டையெல்லாம் இல்லை. எனக்குப் பேச வராது, அவ்வளவுதான். மகள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே மனைவியிடம், “அவள சாப்புடச் சொல்லு” என்பேன். அவளும் அம்மாவைப் பார்த்து, “பசிக்கலன்னு சொல்லுங்க” என்பாள். மனைவி நடுவில் நின்று இரண்டு பக்கமும் சிரிப்பாள். அவள் போன பிறகு எங்கள் வீட்டில் கேட்ட சத்தம் தொலைக்காட்சியும், சோறு வெந்ததும் குக்கர் போடும் ‘டக்’கும்தான்.

மகளுக்கு இருபத்து நான்கு வயது. பல் மருத்துவமனையில் முன்மேசையில் இருந்தாள். சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. நவம்பர் ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

“போறதுக்கு முன்னாடி நம்ம ரெண்டு பேரும் எங்கயாச்சும் போலாம்ப்பா. இதுவரைக்கும் போனதே இல்ல” என்றாள். கோயிலுக்குப் போக முடியாது, வருடம் கழியவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் அழுவார்கள். கடற்கரைக்குப் போனால் இருவரும் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

“தீம் பார்க்னா கத்துனா போதும். பேச வேணாம்” என்றாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னாளா, என்னைக் குத்திச் சொன்னாளா என்று எனக்குப் புரியவில்லை. தலையாட்டினேன். பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் நான் ஒரே மாதிரிதான் தலையாட்டுவேன்.

அதிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் கேள்விகள். தண்ணீர்ப் பகுதிக்குக் கைலி கட்டக் கூடாது, பருத்திச் சட்டையும் கூடாது. உடம்போடு ஒட்டும் நீச்சல் உடைதான் போட வேண்டுமாம். கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். வயிறே இல்லாத ஒரு சீனப் பையன் நின்றான்.

“நான் இதப் போட்டா ஆளுங்க ஓடிருவாங்க” என்றேன்.

அவள் சிரித்தாள். அவள் அம்மா சிரிக்கும்போது தோள் குலுங்கும். இவளுக்கும் குலுங்கியது. கறுப்பில், முழங்கால் வரை நீண்ட ஒன்றை வரவழைத்தாள். நான் அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன்.

இரண்டு நாள் விடுப்பு கேட்டபோது எங்கள் மேற்பார்வையாளர் மெதுவான குரலில், “யார் தவறிட்டாங்க, பாக்சிக்?” என்று மலாயில், பெரியப்பா முறை வைத்துக் கேட்டார். எனக்கொரு மகன் இருந்தால் அவர் வயது இருக்கும். அவர் மீது குற்றமில்லை. இருபத்தோரு வருடத்தில் நான் சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர விடுப்பு எடுத்ததில்லை. விளையாடப் போகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. “மகளோட ஒரு வேலை” என்றேன்.

தேதியை முடிவு செய்த நாளில் அவள் கேட்டாள், “அம்மாவோட வருசம் என்னைக்குப்பா முடியுது?” நான் இறப்புச் சான்றிதழை எடுத்து, அதிலிருந்த தேதியைப் படித்துச் சொன்னேன். அந்தத் தேதிக்கு நான்கு நாள் தள்ளி, தன் சம்பளத்தில் ரயிலுக்கும் பார்க்குக்கும் டிக்கெட் எடுத்தாள். அம்மாவுக்குப் படைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில் அவள் கவனமாக இருந்தாள். தவறு என்னுடையது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மஸ்ஜித் தானாவிலிருந்து என் அக்கா வந்தாள். வரும்போதே தினசரிக் காலண்டரைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள்.

“ஐப்பசித் தேய்பிறைல போனவளுக்கு ஐப்பசித் தேய்பிறைலதான்டா திதி. இந்த வருசம் பதினெட்டு நாள் தள்ளி வருது. இங்கிலீசு தேதிய வெச்சி கும்புடறதுக்கு இது என்னா, பொறந்த நாளா?”

நான் மகளைப் பார்த்தேன். அவள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். பயணம் திதிக்குப் பதினான்கு நாள் முன்னால் விழுந்திருந்தது.

“திதி நவம்பர்லயா அத்தை? அப்ப நான் சிங்கப்பூர்ல இருப்பேன்.”

“ஞாயித்துக் கெழமதான் வருது. பஸ் ஏறி வந்துரு.” பிறகு மேசையில் கிடந்த டிக்கெட்டுத் தாளைப் பார்த்துவிட்டாள். “இது என்னா?”

மகள் சொன்னாள். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“பொண்டாட்டி போயி வருசம் திரும்பல, ஒனக்கு ராட்டினம் கேக்குதா? தீபாவளியே வேணாம்னு உக்காந்திருக்கோம். ஊருல கேட்டா நான் என்னா சொல்றது?”

நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அக்கா சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு மகள் கைப்பேசியை எடுத்தாள். “ஒரு தடவ தேதி மாத்தலாம். ஆனா எனக்கு ஆறு மாசத்துக்கு லீவு கெடையாது. மாத்துனா அப்புறம் எப்பன்னு தெரியாது. என்ன செய்ய, சொல்லுங்கப்பா.”

“ஒன் இஷ்டம்மா.”

“என் இஷ்டம் அந்த டிக்கெட்லயே இருக்கு. ஒங்களது என்னா?”

நான் எழுந்து மோட்டார்சைக்கிளைக் கழுவப் போனேன். முந்தின நாள்தான் கழுவியிருந்தேன். அவள் பின்னாலேயே வாசல் வரை வந்தாள்.

“வரலன்னா பரவால்லப்பா. கோவப்பட மாட்டேன். ஆனா அத நீங்க வாயத் தொறந்து சொல்லணும். இப்ப அம்மாகிட்ட சொல்லி விட முடியாது.”

வாளியில் தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவள் வந்து மூடிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் முழுக்க மடிப்பு இயந்திரத்தின் முன்னால் நின்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னதில் தப்பில்லை. அம்மா இறந்தபின் என்னை வளர்த்தவள் அவள். அவள் சொல்லை நான் மீறியதே இல்லை. மனைவி இருந்திருந்தால் என்ன சொல்வாள் என்றும் யோசித்துப் பார்த்தேன். உயரம் என்றாலே பயப்படுகிறவள். ‘நீங்க போங்க, நான் வரல’ என்றிருப்பாள். அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. களைப்பாக இருந்தது. ஒரு முடிவு எடுப்பது பெட்டி தூக்குவதைவிடக் கனமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் அக்காவைக் கூப்பிட்டேன். மகள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கட்டும் என்று கூடத்திலேயே நின்று பேசினேன்.

“அக்கா, நாங்க போறோம்.”

“எங்க?”

“அந்த பார்க்குக்குதான். திதிய நீ சொன்ன நாள்லயே குடுத்துருவேன். எல்லாம் நானே சமைக்கிறேன். நீ வரணும்.”

நறுக்கும் சத்தம் நின்றது.

“வருசம் திரும்பறதுக்குள்ள ராட்டினம் ஏறப் போற.”

“ஏறமாட்டேன்கா. தண்ணிலயும் எறங்கமாட்டேன். கீழ நின்னு பைய பாத்துக்குவேன்.”

“அப்பறம் என்னா எழவுக்குடா அவ்ளோ தூரம் போற?”

“அவ கூப்டாக்கா.”

அக்கா வைத்துவிட்டாளோ என்று கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு குரல் வந்தது.

“எனக்குப் புடிக்கலடா. ஆளுங்க கேட்டா புடிக்கலன்னுதான் சொல்லுவேன்.”

“சொல்லுக்கா.”

“கண்டதத் திங்காத. திதி வரைக்கும் கவுச்சி வேணாம். புளிச்சோறு கட்டிகிட்டுப் போ.”

சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள் என்பது நோட்டுப் புத்தகத்தில் நான்காவது வரியில் இருந்தது. அதை அக்காவிடம் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு மீறல் போதும்.

நாற்காலியில் உட்கார்ந்து தைலப் புட்டியைத் திறந்தேன். மகள் வெங்காயக் கையோடு வந்து எதிரே நின்றாள். கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்றே வைத்துக்கொண்டேன்.

“அந்தக் கறுப்பு சுவிம்மிங் சிலுவார் தெண்டம்தானா அப்ப?”

“அடுத்த தடவைக்கு வெச்சிரு.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். என் பெயருக்கு நேரே இருந்த ராட்டினங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தாள். ஓரத்தில் ‘பை’ என்று எழுதினாள். பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள்.

“ட்ரெயின்ல ஜன்னல் ஓரம் யாருக்குப்பா?”

“ஒனக்கும்மா. நான் ஏறுனதும் தூங்கிருவேன். வழியில தாப்பா ஊரு வந்ததும் என்னை எழுப்பு. அங்க என்ன இருக்குன்னு நான் பாத்ததே இல்ல.”

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.