நேசம்மாவின் கடைவாய்ப் புண்

சண்டிலிப்பாய் நேசம்மா, தபால்காரர் பொன்னுத்துரையின் நடு மகள், தாய்வழி மானிப்பாய். புருஷன் செத்துப் பதினொரு வருடம். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து ஒரு திருவிருந்தைக்கூடத் தவறவிட்டவள் அல்ல. சண்டையில் இடம்பெயர்ந்த வருடத்திலும் யாரோ ஒருவரின் தென்னந்தோப்பில் முழங்காலில் நின்று எல்லோரும் குடிக்கும் திராட்சரசப் பாத்திரத்தில் வாய் வைத்தவள்.

அப்படிப்பட்டவளைத்தான் போன ஆனி மாதத்து முதல் ஞாயிறு, தேவாலயத்தில் அத்தனை சனத்துக்கும் முன்னால் மூப்பர் செல்வத்துரை மறித்தார். செல்வத்துரை வேறு யாருமா? அவளுடைய சின்னம்மாவின் கடைசி மகன். சிறு வயதில் உடம்பெல்லாம் சிரங்கு வந்து தாயே தொடப் பயந்த நேரம், இடுப்பில் வைத்துத் தண்ணீர் வார்த்தவள் இவள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. பாத்திரத்திலை வாய் வைக்க வேண்டாம். கடைவாயிலை புண்ணெல்லே, தொத்தும்."

"ஆர் சொன்னது தொத்துமெண்டு?"

"பாத்தாலே தெரியுதே."

"என்ன வருத்தமோ, ஆருக்குத் தெரியும்" என்று பின்னால் ஒரு குரல். நேசம்மாவுக்குக் காது மடல் சுட்டது. முழங்காலை விட்டு எழும்பும்போதுதான் மூப்பரின் மீசைக்குக் கீழே, உதட்டோரத்தைப் பார்த்தாள். நாலைந்து தண்ணீர்க் கொப்புளம், குலையாக.

"அப்ப உன்ரை சொண்டிலை உதென்ன?"

"இது மாங்காய்ப் பால் பட்டது, அக்கா. கறுத்தக்கொழும்பான் காய்க்கிற காலமெல்லே."

எல்லோரும் தலையாட்டினார்கள். மூப்பருக்கு வந்தால் மாங்காய்ப் பால், தாலி இழந்தவளுக்கு வந்தால் வியாதி! எந்த ஊர் நியாயம் இது? அவள் பார்த்துக்கொண்டிருக்க, செல்வத்துரை அதே பாத்திரத்தில் வாய் வைத்துக் குடித்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும் தங்கை மகள் ஹன்னாவின் ஸ்கூட்டியில் ஏறித் தோல் டொக்டர் வித்தியாவிடம் போனாள். டொக்டர் லைற் அடித்துப் பார்த்தார்.

"அம்மா, இந்தப் பொய்ப்பல்லு எப்ப கட்டினது?"

"பத்து வருஷம் இருக்கும், பிள்ளை."

"தேஞ்சு போச்சு. வாயை மூடேக்கை சொண்டு மடிஞ்சு, ரெண்டு கடைவாயிலையும் எச்சில் ஊறி வெடிச்சிருக்கு. உது ஒருத்தருக்கும் தொத்தாது. களிம்பு தாறன். பல்லை மாத்துங்கோ."

"அப்ப தொத்திறது எது?"

"அது முதல்லை சொண்டோரத்திலை சுள்ளெண்டு எரியும். பிறகு சின்னத் தண்ணிக் கொப்புளங்கள் கூட்டமா வந்து, உடைஞ்சு பொருக்குக் கட்டும். அது காய்ஞ்சு மாறுமட்டும் மற்றவை குடிக்கிற கோப்பையிலை வாய் வைக்கக்கூடாது, குழந்தையளைக் கொஞ்சக்கூடாது."

"மாங்காய்ப் பால் பட்டாலும் அப்பிடித்தானே வரும்?"

"பால் வழிஞ்ச இடமெல்லாம் வெந்து கறுத்திருக்கும். ஒரே இடத்திலை திரும்பத் திரும்பக் கொப்புளம் வந்தா, மாங்காயிலை பழி போடேலாது."

நேசம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். போன மார்கழியில் கரோல் பாட வந்தபோதும் செல்வத்துரையின் சொண்டில் அதே இடத்தில் அதே குலை. மார்கழியில் எந்த மரத்தில் மாங்காய்?

வீட்டுக்குப் போகவில்லை. நேரே செல்வத்துரையின் படலையைத் திறந்துகொண்டு போனாள். டொக்டர் சொன்னதையும் மார்கழிக் கதையையும் கேட்டவருக்கு முகம் செத்துப்போயிற்று.

"சரி அக்கா, தெரியாமல் சொல்லிப்போட்டன். இதை எங்களுக்குள்ளை வைச்சிருப்பம்."

"என்னைத் தள்ளேக்கை எங்களுக்குள்ளையே தள்ளினனீ? தள்ளின இடத்திலை நிண்டு சொல்லு."

"மூப்பர் எண்டு எனக்கொரு மரியாதை இருக்கெல்லே?"

"எனக்கு இல்லையோடா?"

அடுத்த திருவிருந்தில் முதல் ஆளாக முழங்காலில் நின்றாள். போதகர் பாத்திரத்தை நீட்டினார். அவள் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற செல்வத்துரையையே பார்த்தாள். போதகரின் கை அப்படியே நின்றது. வரிசையில் செருமல் கேட்டது.

செல்வத்துரை குனிந்துகொண்டு, "அக்காவின்ரை புண் தொத்திற புண் இல்லை. என்ரைதான்..." என்று இழுத்தார்.

"பின்வரிசை வாங்கிலை இருக்கிறவைக்குக் கேக்கேல்லை, தம்பி. வடிவாச் சொல்லு."

அவர் தலையை நிமிர்த்தி, முதலிலிருந்து முழுவதையும் உரத்துச் சொன்னார். அதன் பிறகுதான் நேசம்மா இரண்டு கையாலும் பாத்திரத்தை வாங்கிக் குடித்தாள்.